விலை கூடினால் அதிகாரம் கூடுமா? டிஸ்டோபியா கதைகளில் பெண்ணும் பிள்ளைப்பேறும்

சிவப்பு அங்கி, முகத்தின் இரண்டு பக்கமும் மறைக்கும் வெள்ளைத் தொப்பி. இந்தப் படம் இப்போது உலகம் முழுக்கத் தெரியும். 2017-இல் ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ நாவல் டிவி தொடராக வந்த சமயத்திலிருந்து, அமெரிக்காவில் கருக்கலைப்புச் சட்டம் தொடர்பான போராட்டங்களில் இந்த உடையில் வந்து வரிசையாக நிற்கும் பெண்களை அடிக்கடி பார்க்கிறோம். ஆனால் உடை பரவிய அளவுக்குக் கதை பரவவில்லை. ஒருவர் “ஆண்கள் பெண்களை அடக்கும் கதை, அவ்வளவுதான்” என்கிறார். இன்னொருவர் “வாடகைத்தாய் பற்றிய கதை” என்கிறார். மூன்றாவதாக ஒருவர், “பிள்ளையே பிறக்காத உலகத்தில் பிள்ளை பெறக்கூடிய பெண்ணைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடத்தானே செய்வார்கள், அடிமையாக்குவார்களா என்ன, லாஜிக்கே இடிக்கிறதே” என்று கேட்கிறார்.

இந்த மூன்றாவது கேள்வி நல்ல கேள்வி. அதற்குப் பதில் பிடிபட்டுவிட்டால் இந்த வகைக் கதைகள் எல்லாவற்றுக்கும் சாவி கிடைத்த மாதிரி.

முதலில் டிஸ்டோபியா என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். இன்றைக்கு நம் நடுவில் இருக்கும் ஏதோ ஒரு போக்கை அதன் எல்லைவரை இழுத்துக்கொண்டு போய், ஒரு நாடே அப்படி நடந்தால் மக்கள் எப்படி வாழ்வார்கள் என்று காட்டும் கற்பனை. அந்த நாட்டில் சட்டம் இருக்கும், அலுவலகம் இருக்கும், ரேஷன் இருக்கும், எல்லாம் ஒழுங்காக நடக்கும். நம்மைக் கலங்க வைப்பதே அந்த ஒழுங்குதான்.

கறவை மாடும் கயிறும்

ஒரு வீட்டில் கறவை மாடு இருக்கிறது. பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, பச்சைப்புல் என்று பார்த்துப் பார்த்துப் போடுகிறார்கள். மாட்டுப் பொங்கலுக்குக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் அடித்து, மாலை போட்டுக் கும்பிடுகிறார்கள். சினையாக இருந்தால் இன்னும் கவனிப்பு. ஆனால் எப்போது சினைக்கு ஊசி போடுவது, கன்றை எவ்வளவு நேரம் ஊட்ட விடுவது, யாருக்கு விற்பது என்று எதையும் மாட்டிடம் கேட்பதில்லை. மடி வற்றிவிட்டால் அடிமாட்டு விலைக்குப் போய்விடும். அந்த வீட்டிலேயே அதிக விலை பெறும் உயிர் அதுதான், ஆனாலும் கயிறு வேறொருவர் கையில்.

மதிப்பு என்பது ஒன்று, அதிகாரம் என்பது இன்னொன்று. ஒன்று அரிதாகும்போது அதன் மதிப்பு ஏறும், சரி. அந்த ஏற்றத்தால் பலம் பெறுகிறவர் அதை வைத்திருப்பவர். பெண்ணின் உடல் அவளுக்கே சொந்தம் என்ற நிலை இருந்தால், பிள்ளைப்பேறு அரிதாகும்போது அவள் கை ஓங்கும். அந்த உரிமை ஏற்கெனவே பறிபோயிருந்தால், அரிதாக ஆக அவளைச் சுற்றி வேலிதான் உயரும்.

முதலில் போனது பேங்க் கணக்கு

கனடா எழுத்தாளர் மார்கரெட் அட்வுட் 1984-இல் மேற்கு பெர்லினில் இருந்தபோது ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ நாவலை எழுதத் தொடங்கினார். 1985-இல் வெளியானது. கதை நடக்கும் இடம் கிலியட் என்ற நாடு. அமெரிக்க அரசைக் கவிழ்த்துவிட்டு ஒரு கிறிஸ்தவ அடிப்படைவாதக் கூட்டம் அமைத்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகம் இருக்கும் கேம்பிரிட்ஜ் நகரம்தான் களம். சுற்றுச்சூழல் நஞ்சு, கதிர்வீச்சு, நோய்கள் என்று பல காரணங்களால் பிறப்பு விகிதம் அடியோடு சரிந்திருக்கிறது.

கிலியட் எந்த வரிசையில் காரியம் பார்த்தது என்பதைப் பலரும் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். கதை சொல்லும் பெண் ஒருநாள் காலையில் கடைக்கு சிகரெட் வாங்கப் போகிறாள், அவள் கணக்கு எண் செல்லவில்லை என்று இயந்திரம் சொல்கிறது. அன்றைக்கே நூலகத்தில் அவளோடு வேலை பார்த்த பெண்கள் எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுகிறார்கள். பெண்களின் பணத்தைக் கணவனோ நெருங்கிய ஆண் உறவினரோ கையாளலாம் என்று சட்டம் வந்துவிட்டது. கணவன் லூக் நல்லவன்தான், அவளைக் காதலிப்பவன்தான். “நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று ஆறுதல் சொல்கிறான். அந்த நேரத்தில் அவளுக்கு உறைக்கிறது, இதுவரை இருவரும் ஒருவருக்கொருவர் சொந்தம், இனி அவள் மட்டும்தான் அவனுக்குச் சொந்தம். அவனுக்கு இது பெரிதாக உறுத்தவும் இல்லையோ என்று அவளுக்குச் சந்தேகம்.

நாவலில் எனக்கு மிகவும் பயம் தந்த பக்கங்கள் இவைதான், தூக்கில் தொங்கும் உடல்கள் வரும் பக்கங்கள்கூட இல்லை. பணம், வேலை, சொத்து, அப்புறம் வாசிக்கும் உரிமை. இவையெல்லாம் போன பிறகுதான் கருப்பைக்கு வருகிறார்கள். கைச்செலவுக்குக்கூட இன்னொருவரிடம் கை நீட்ட வேண்டியவள் தன் உடல் விஷயத்தில் “முடியாது” என்று சொல்லிவிட்டு எங்கே போவாள்?

ஏணியில் பெண்கள்

சமூகப் படிநிலை என்றால், மனிதர்களை மேல் கீழ் என்று தட்டுத் தட்டாக அடுக்கி, எந்தத் தட்டில் பிறந்தாயோ வைக்கப்பட்டாயோ அதற்கேற்ப உரிமையும் சோறும் கொடுக்கும் ஏற்பாடு. கிலியட்டில் இந்த அடுக்கு உடையிலேயே தெரியும். நாட்டை ஆளும் தளபதிகளின் மனைவிகளுக்கு நீலம். வீட்டு வேலை செய்யும் மார்த்தாக்களுக்கு மங்கிய பச்சை. பிள்ளை பெற்றுக் கொடுக்க அமர்த்தப்படும் ஹேண்ட்மெய்டுகளுக்குச் சிவப்பு. அவர்களை அடித்துப் பழக்கும் ‘ஆன்ட்’களுக்குப் பழுப்பு. ஏழை ஆண்களின் மனைவிகள் மேலே சொன்ன எல்லா வேலையையும் ஒருத்தியே செய்ய வேண்டும் என்பதால் அவர்களுக்கு நீலம், பச்சை, சிவப்புக் கோடு போட்ட உடை. எதிலும் அடங்காதவர்களைப் பெண்ணே அல்ல என்று முத்திரை குத்தி, நச்சுக் கழிவு அள்ளும் காலனிகளுக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஆண்களுக்கும் ஏணி உண்டு. பதவிக்கு ஏற்பத்தான் பெண் ‘வழங்கப்படும்’. கீழ்த்தட்டுக் காவலர்கள் கல்யாணத்துக்கே வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தளபதியின் டிரைவர் நிக்குக்கு ஒரு பெண்கூட ஒதுக்கப்படவில்லை. ஆக, “ஆண்கள் எல்லோரும் மேலே, பெண்கள் எல்லோரும் கீழே” என்று சொல்லி முடித்துவிட முடியாது. பெண்ணைப் பங்கு பிரித்துக் கொடுக்கும் உரிமை உச்சியில் இருக்கும் சில ஆண்களிடம் இருக்கிறது, அதை வைத்து மற்ற ஆண்களையும் அவர்கள் அடக்கி வைக்கிறார்கள்.

இந்த அமைப்புக்கு நமக்குத் தெரிந்த ஒரு பெயர் உண்டு. படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சொன்னாரே, அதுதான். ஒவ்வொருவனுக்கும் மேலே ஒருவன், கீழே ஒருவன், அதனால் யாரும் யாரோடும் சேர மாட்டார்கள். தனக்குக் கீழே இருப்பவனைக் காட்டித் தன் நிலையைத் தேற்றிக்கொள்வார்கள். அவர் சாதியைப் பற்றிச் சொன்னார், ஆனால் மார்த்தா ஹேண்ட்மெய்டை ஏன் முகம் சுளித்துப் பார்க்கிறாள் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. 1916-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் வாசித்த சாதி பற்றிய கட்டுரையும் இங்கே பொருந்தும். தன் கூட்டத்துக்குள்ளேயே மணம் முடிக்கும் வழக்கத்துக்கு அகமணம் என்று பெயர். சாதி உயிரோடு இருப்பதே அகமணத்தால்தான், அதைக் காப்பாற்றத்தான் உடன்கட்டை, கைம்பெண் மறுமண மறுப்பு, சிறுமித் திருமணம் எல்லாம் வந்தன என்பது அவர் வாதம். பெண்ணின் பிள்ளைப்பேற்றைக் கட்டுப்படுத்தாமல் எந்த ஏணியும் ரொம்ப நாள் நிற்காது.

அந்த அறையில் மூன்று பேர்

மாதம் ஒருமுறை நடப்பதை ‘சடங்கு’ என்கிறார்கள். பைபிளில் ராகேல் தனக்குப் பிள்ளை இல்லாததால் தன் பணிப்பெண் பில்காளைக் கணவன் யாக்கோபுக்குக் கொடுக்கும் பகுதி வாசிக்கப்படும். பிறகு தளபதியின் மனைவி செரீனா ஜாய் கட்டிலில் கால்களை விரித்துப் படுக்க, அவள் வயிற்றில் தலை வைத்து ஹேண்ட்மெய்ட், அதாவது நமக்குக் கதை சொல்லும் பெண், படுக்க வேண்டும். கைகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இருவரும் ஒரே உடல் என்பதற்கு அடையாளமாக. செரீனாவின் மோதிரங்கள் ஹேண்ட்மெய்டின் விரல்களில் அழுந்துகின்றன. கீழே நடப்பது வன்புணர்வு, மேலே ஒரு கல்யாண மோதிரம் சதையில் பதிகிறது.

இந்த இரண்டு பெண்களில் யார் மேலே? செரீனாவுக்கு வீடு இருக்கிறது, தோட்டம் இருக்கிறது, வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவளுடைய மதிப்பு நிலைக்க இந்தச் சிவப்பு உடைக்காரி கருத்தரிக்க வேண்டும். கிலியட்டில் மலட்டு ஆண் என்று ஒருவன் கிடையாது, சட்டப்படியே கிடையாது. பிள்ளை இல்லை என்றால் குறை பெண்ணிடம்தான். கணவனால் முடியாது என்று சந்தேகப்படும் செரீனா கடைசியில் தானே டிரைவரை ஏற்பாடு செய்கிறாள். ஹேண்ட்மெய்டைச் சம்மதிக்க வைக்க அவள் காட்டும் ஆசை என்ன தெரியுமா? அந்தப் பெண்ணிடமிருந்து பிடுங்கப்பட்ட மகளின் ஒரு போட்டோ. மகள் எங்கே இருக்கிறாள் என்று இத்தனை நாளும் செரீனாவுக்குத் தெரிந்திருக்கிறது.

ஹேண்ட்மெய்டின் கணுக்காலில் நான்கு இலக்க எண்ணும் ஒரு கண்ணும் பச்சை குத்தப்பட்டிருக்கும், தொலைந்துபோகாமல் இருக்க. தான் ஒரு தேசிய வளம் என்று அவளே சொல்கிறாள். ஜன்னல் முழுதாகத் திறக்காது, விளக்குத் தொங்கவிடும் கொக்கி கூரையிலிருந்து அகற்றப்பட்டிருக்கும், காபி கிடையாது. முகத்துக்குப் பூசக் கிரீமும் கிடையாது, ஏனென்றால் அவர்கள் அழகாகத் தெரிவதை மனைவிகள் விரும்பவில்லை. அதனால் சாப்பாட்டில் வரும் வெண்ணெய்த் துண்டை ஷூவுக்குள் ஒளித்து வைத்து ராத்திரி முகத்தில் தேய்த்துக்கொள்கிறாள். என்றாவது வெளியே போவோம், அன்று யாராவது நம்மை ஆசையோடு தொடுவார்கள் என்ற நம்பிக்கை அந்த வெண்ணெயில் இருக்கிறது. அவளுக்குச் சொந்தப் பெயர்கூட இல்லை. தளபதி ஃப்ரெட்டுக்கு உரியவள் என்பதால் ஆஃப்ஃப்ரெட்.

மூன்று வீடுகளில் வாய்ப்பு. மூன்றிலும் கரு தங்கவில்லை என்றால் காலனி. நல்ல பிள்ளை பிறந்துவிட்டால் காலனி பயம் இல்லை, ஆனால் சில மாதம் பாலூட்டிய பிறகு பிள்ளை மனைவியிடம் போய்விடும், அவள் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும்.

இதுவரை பார்த்ததைக் கொஞ்சம் சேர்த்துச் சொல்கிறேன். கிலியட்டில் பிள்ளை பெறும் திறன் விலைமதிப்பற்றது. அந்த விலை பெற்றவளைச் சேரவில்லை, அவளைப் பங்கு போடுபவர்களைச் சேர்கிறது. பெண்களை நிறம் நிறமாகப் பிரித்து ஒருத்தியை இன்னொருத்திக்குக் காவல் வைத்திருப்பதால் இந்த ஏற்பாடு ஓடுகிறது.

அப்படியானால் வாடகைத்தாயும் இதுவும் ஒன்றா?

இல்லை. வாடகைத்தாய் முறையில் கரு ஆய்வகத்தில் உருவாகிறது, சுமப்பவளின் கருமுட்டை பெரும்பாலும் அதில் இருக்காது, சம்மதம் என்ற ஒன்று காகிதத்திலாவது இருக்க வேண்டும். இந்தியாவில் 2021-ஆம் ஆண்டுச் சட்டம் பணத்துக்கு வாடகைத்தாய் அமர்த்துவதையே தடை செய்திருக்கிறது. ஹேண்ட்மெய்ட் எல்லா வகையிலும் அந்தப் பிள்ளையின் தாய், அவளுக்கு மறுக்கும் உரிமை கிடையாது. காலனிக்குப் போகலாம், அது மட்டும்தான் மாற்று. வறுமையில் ஒரு பெண் கையெழுத்துப் போடும்போது அவள் சம்மதம் எவ்வளவு சுதந்திரமானது என்ற கேள்வி வேறு, அது பெரிய கேள்வி. அதைக் கேட்கவாவது இரண்டையும் ஒன்றாகக் குழப்பாமல் இருக்க வேண்டும்.

பிள்ளைப் பஞ்சம்தான் காரணமா?

பிறப்பு குறைந்ததால்தான் கிலியட் இப்படி ஆனது என்று எடுத்துக்கொண்டால் கதையின் பாதி போய்விடும். பஞ்சம் ஒரு சாக்கு. குறை ஆண்களிடம் இருக்கலாம் என்று அரசு ஒத்துக்கொண்டிருந்தால் வேறு வழிகள் இருந்திருக்கும். ஒத்துக்கொண்டால் உச்சியில் இருப்பவர்களின் மரியாதை போய்விடும், அதனால் அந்த வழி அடைக்கப்படுகிறது.

இதோடு பி. டி. ஜேம்ஸ் 1992-இல் எழுதிய ‘தி சில்ட்ரன் ஆஃப் மென்’ நாவலை வைத்துப் பார்க்கலாம். அங்கே உலகத்தில் பிள்ளையே பிறப்பதில்லை, காரணம் ஆண்களின் விந்து செயலிழந்துவிட்டது. இருந்தும் பெண்களைக் கூப்பிட்டுப் பரிசோதனை செய்துகொண்டே இருக்கிறார்கள். ‘குறை’ உள்ளவர்கள் எதிர்கால மனித இனத்துக்கு வேண்டாம் என்று அரசு அவர்களைப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. கடைசியில் கர்ப்பமாவது யார்? கை ஊனமாக இருந்ததால் விலக்கப்பட்ட ஜூலியன். பிள்ளைக்குத் தகப்பன், சிறுவயதில் வலிப்பு வந்ததால் விலக்கப்பட்ட ஒருவர். படியில் இடம் கொடுக்காதவர்கள் இடத்திலிருந்து பிள்ளை வருகிறது. 2006-இல் இது படமானபோது மலட்டுத்தன்மை பெண்களுடையதாக மாறிவிட்டது. நல்ல படம்தான், ஆனால் அந்த மாற்றம் எனக்கு இன்றும் வருத்தம். நாவலின் கூர்மையான ஒரு இடத்தை மழுங்கடித்துவிட்டது.

பிரசவமே இல்லாத உலகம்

சரி, பெண் சுமக்கவே வேண்டாம் என்று ஆகிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? ஆல்டஸ் ஹக்ஸ்லி 1932-இல் எழுதிய ‘பிரேவ் நியூ வேர்ல்டு’ இதைத்தான் சோதித்துப் பார்க்கிறது. குழந்தைகள் போத்தலில் வளர்கிறார்கள். ஒரே கருமுட்டையிலிருந்து 96 பேர்வரை எடுக்கிறார்கள். கீழ்ச்சாதிக் கருவுக்கு ஆக்சிஜனைக் குறைத்து அறிவை மட்டுப்படுத்துகிறார்கள். அம்மா என்பது அங்கே கெட்ட வார்த்தை. லிண்டா என்ற பெண் விபத்தாக ஒரு பிள்ளையைப் பெற்றுவிட்டுப் பல வருஷம் கழித்து லண்டன் திரும்பும்போது அவளைப் பார்க்கவே எல்லோருக்கும் அருவருப்பு. கிலியட்டில் பெறாதவளுக்குத் தண்டனை, இங்கே பெற்றவளுக்கு. இரண்டிலும் முடிவெடுத்தவள் அவள் இல்லை.

கிட்டத்தட்ட அதே காலத்தில் தமிழ்நாட்டில் பெரியார் கர்ப்பத்தடை பற்றி எழுதிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் பெண்ணின் உடல்நலத்துக்காகவும் நாட்டின் வறுமைக்காகவும் கர்ப்பத்தடை வேண்டும் என்கிறார்கள், நாம் பெண்ணின் விடுதலைக்காகக் கேட்கிறோம் என்று தன்னை அவர்களிடமிருந்து பிரித்துக் காட்டினார். நாட்டுக்காக என்று தொடங்கும் கர்ப்பத்தடை நாளைக்கு நாட்டுக்காக என்றே கட்டாயமாகவும் மாறலாம். அவசரநிலைக் காலத்தில் வட இந்தியாவில் கட்டாயக் கருத்தடை அப்படித்தான் நடந்தது. பெண்ணின் முடிவு என்று தொடங்கினால் அந்தப் பாதைக்குப் போக முடியாது.

எங்கிருந்து எடுத்தார்கள்

வரலாற்றில் எங்கேயும் நடக்காத எதையும் நாவலில் சேர்க்கக் கூடாது என்பது அட்வுட் தனக்கு வைத்துக்கொண்ட விதி. இரண்டு உதாரணம் போதும்.

1966 அக்டோபரில் ருமேனியாவில் சௌஷெஸ்கு அரசு 770-ஆம் ஆணையைக் கொண்டுவந்தது. 45 வயதைத் தாண்டாத, நாலு பிள்ளை பெறாத பெண்களுக்குச் சில விதிவிலக்குகள் தவிர கருக்கலைப்பு தடை. அடுத்த ஆண்டே பிறப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பானது. பிள்ளை இல்லாதவர்களுக்குத் தனி வரி. பிற்காலத்தில் வேலை செய்யும் இடத்திலேயே பெண்களுக்கு மருத்துவப் பரிசோதனை, கர்ப்பம் இருக்கிறதா என்று கண்காணிக்க. திருட்டுத்தனமாகக் கலைக்கப்போய் ஆயிரக்கணக்கான பெண்கள் செத்தார்கள், அநாதை இல்லங்கள் நிரம்பின. 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்ததும் புதிய அரசு செய்த முதல் காரியங்களில் ஒன்று இந்த ஆணையை ரத்து செய்தது. இத்தனைக்கும் ருமேனியா கம்யூனிஸ்ட் நாடு, மதத்துக்கு அங்கே எந்தப் பங்கும் இல்லை. இது மதத்தைப் பற்றிய கதை மட்டுமே என்று நினைப்பவர்களுக்கு இது ஒன்றே பதில்.

இன்னொன்று இன்னும் பழையது. 1662-இல் வர்ஜீனியாவில் ஒரு சட்டம் போட்டார்கள்: பிள்ளையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது. அதாவது அடிமைப் பெண்ணுக்குப் பிறந்தால், தகப்பன் அவளுடைய எஜமானனே ஆனாலும், பிள்ளை அடிமை. 1808-இல் வெளிநாட்டிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வது தடையானதும், உள்ளூரில் பிறக்கும் பிள்ளைகளின் மதிப்பு ஏறியது, பிள்ளை பெறக்கூடிய பெண் என்றால் அவள் விலையும் ஏறியது. அவளுக்கு அதனால் ஒரு நாள் விடுப்புகூடக் கிடைக்கவில்லை.

ஹேண்ட்மெய்டுகளை ரகசியமாகக் கனடாவுக்குக் கடத்தும் பாதைக்கு நாவலில் இருக்கும் பெயர், கறுப்பின அடிமைகள் தப்பிய பாதையின் பெயரிலிருந்தே வந்தது. ஆனால் அந்த நாவலில் கறுப்பின மக்கள் ஒரு டிவி செய்தியில் வேறு இடத்துக்குக் குடியேற்றப்பட்டுக் கதையை விட்டே போய்விடுகிறார்கள். அவர்களுடைய பெண்கள் பட்டதை எடுத்து வெள்ளைப் பெண்களுக்குப் போட்டுவிட்டார் என்று கறுப்பின வாசகர்கள் சொல்லும் குறை நியாயமானது. நாவலை நேசிக்கும் நானும் அதை ஒத்துக்கொள்கிறேன்.

எதிலிருந்து தொடங்கலாம்

தொடரைப் பார்த்திருந்தாலும் அட்வுட்டின் நாவலையே முதலில் எடுங்கள், சின்ன நாவல்தான். கடைசியில் 2195-இல் நடக்கும் ஒரு கல்விக் கருத்தரங்கு வரும், அதைத் தள்ளிவிடாதீர்கள். அவள் கதையை ஆராயும் பேராசிரியர் அவளைவிட்டுவிட்டுத் தளபதி யார் என்று தேடுவதில்தான் ஆர்வம் காட்டுகிறார். அப்புறம் கேத்தரின் பர்டெகின் ஓர் ஆணின் புனைபெயரில் 1937-இல் வெளியிட்ட ‘ஸ்வஸ்திகா நைட்’. ஹிட்லரைக் கடவுளாக வணங்கும் எதிர்காலத்தில் பெண்கள் மொட்டைத் தலையோடு கொட்டடியில் இருக்கிறார்கள், ஆண் பிள்ளையை ஒன்றரை வயதில் பிடுங்கிக்கொள்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன்பே எழுதியது.

எல்லாவற்றுக்கும் முன்னோடி, ரஷ்ய எழுத்தாளர் ஜாமியாட்டின் 1920 வாக்கில் எழுதிய ‘வீ’. அதில் தாயாவதற்கு அரசு ஒரு அளவு வைத்திருக்கிறது. ஓ-90 என்ற பெண் அதற்குப் பத்து சென்டிமீட்டர் குள்ளம், அதனால் பிள்ளைக்கு அனுமதி இல்லை. மரண தண்டனை என்று தெரிந்தே அவள் கருத்தரிக்கிறாள், நகரத்தின் பச்சைச் சுவரைத் தாண்டி வயிற்றுப் பிள்ளையோடு வெளியேறியும் விடுகிறாள். கதாநாயகன் கணிதத்தில் புலி, ஆனால் அவள் ஏன் இப்படிச் செய்கிறாள் என்பது அவனுக்குக் கடைசிவரை விளங்குவதே இல்லை. அவளுடைய பக்கங்களைத் தேடித் தேடிப் படியுங்கள்.